மொண்டுகொள்ளப் பாத்திரமில்லை

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் கேட்டார்: "இந்த வருஷம் எத்தனை பேருக்கு இயேசுவைச் சொல்லியிருக்கீங்க?" பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. ஆபீஸில் பதினோரு பேருக்குத் தினமும் காலை 6 மணிக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன், சூரியன் உதிக்கிற படத்தோடு. இரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கிலேயே மிதந்து வந்தேன்.

ஜூன் 4, புதன்

பக்கத்து மேஜை அக்கா ஒரு பில்லின் படத்தைத் தேடித் தரச் சொல்லி போனை என்னிடம் கொடுத்தார். தேடுகையில் வாட்ஸ்அப்பில் வேண்டாத ஆட்களை ஒதுக்கி வைக்கிற 'ஆர்க்கைவ்டு' மேல் விரல் பட்டுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெயர். என் பெயர்தான். பக்கத்தில் கோடு போட்ட மணி. திறக்காத செய்திகள் 214.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "கோவிச்சுக்காதம்மா. மாமியார் ஆஸ்பத்திரியில கெடந்த காலத்துலேர்ந்து விடிகாலையில போன் சத்தம் கேட்டா வயித்தைக் கலக்குது. அதான்."

"பரவாயில்லக்கா" என்றேன். முகம் சுட்டது. பிறகுதான் உறைத்தது: அவருக்கு மாமியார் ஒருவர் இருந்ததோ, நாலு வருஷம் படுக்கையாகவே கிடந்து போனதோ எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று காலை யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. 6 மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது, திரும்ப வைத்தேன். அந்த நேரத்தில் பைபிளில் யோவான் 4ஆம் அதிகாரம் வாசித்தேன். யூதர் ஒட்டி உறவாடாத சமாரிய ஜனத்தைச் சேர்ந்த ஒரு ஸ்திரீயோடு இயேசு கிணற்றடியில் பேசுகிற சம்பவம், ஞாயிறு பள்ளியிலிருந்து மனப்பாடம். இந்த முறை பென்சிலை வைத்துக்கொண்டு யார் எத்தனை தடவை பேசுகிறார்கள் என்று எண்ணினேன். இயேசு ஏழு தடவை, அவள் ஆறு தடவை. கிட்டத்தட்ட சரிபாதி. என்னுடைய 214-க்கு வந்த பதில் பூஜ்யம்.

அதைவிட, அவர் பேச்சைத் தொடங்கும் விதம். "தாகத்துக்குத் தா." அவ்வளவுதான். உபதேசமில்லை, எச்சரிக்கையில்லை, உதவி கேட்கிறார். நடந்து களைத்து, நடுப்பகலில் கிணற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒன்றுமில்லை. அவளும் அதைத்தான் சுட்டிக்காட்டுகிறாள்: "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே." ஜீவத்தண்ணீர் தருகிறேன் என்பவரிடம் ஒரு குடம்கூட இல்லை!

இதுவரை யாரிடமும் நான் வெறுங்கையோடு போய் நின்றதில்லை. எப்போதும் கொடுக்கிறவளாகத்தான் போயிருக்கிறேன்.

(ஒரு வேடிக்கை: அவள் தண்ணீர் கொடுத்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடியிருக்கிறாள். அவர் குடித்தாரா இல்லையா?)

ஜூன் 9, திங்கள்

யோவான் 4 பற்றிப் பிரசங்கிமார் சொல்கிற ஒன்று எனக்கு இப்போது ஒப்பவில்லை. அவளுக்கு ஐந்து புருஷர் இருந்ததை இயேசு சொன்னதும் அவள் பேச்சை மாற்றத்தான் "எங்கள் பிதாக்கள் இந்த மலையிலே தொழுதுகொண்டுவந்தார்கள்" என்கிறாளாம். அந்த மலை கெரிசீம். அதன் மேலிருந்த சமாரியரின் ஆலயத்தை கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இடித்தவர் யூத அதிபதி யோவான் ஹிர்க்கானு. தன் ஜனத்தின் ஆலயத்தை இடித்த ஜாதியிலிருந்து ஒருவர் வந்து தண்ணீர் கேட்கிறார். அவரைத் தீர்க்கதரிசி என்று கண்டுகொண்டதும் அவள் கேட்கிற முதல் விஷயம் அந்த மலை. அது ஆறாத புண். (சமாரியர் இன்றும் இருக்கிறார்கள், ஆயிரம் பேருக்கும் குறைவு. பஸ்கா பண்டிகைக்கு இன்றும் அதே மலைக்குத்தான் போகிறார்கள்.)

இயேசு "அதை விடு, உன் பாவத்தைப் பற்றிப் பேசு" என்று அதட்டவில்லை. அவள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறார். இரட்சிப்பு யூதர் வழியாய் வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் பிதாவைத் தொழ இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம் என்கிற காலம் வருகிறது என்கிறார். அந்த அதிகாரத்திலேயே பெரிய வார்த்தைகள் அவளுடைய கேள்விக்குப் பதிலாக வந்தவை.

ஜூன் 11, புதன்

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை.

ஜூன் 21, சனி

நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சபைக் குழுவில் கைகூப்பிய ஸ்டிக்கர்கள் நிரம்பி வழிகின்றன. இன்று மாலை அப்பாவின் வலது குதிகாலில் காசு அகலத்துக்கு ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை, சிவப்பாகவே இருந்தது. பயந்துபோனேன்.

அக்காவுக்குத் தெரியும். நாலு வருஷம் பார்த்தவர். போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கர்த்தர் உன் தேவைகளையெல்லாம் சந்திப்பார் என்று இவருக்கு எத்தனை தடவை அனுப்பியிருக்கிறேன்! இப்போது நானே போய்க் கை ஏந்தினால் சாட்சி என்ன ஆகும்?

இரவு 10 மணிக்கு அனுப்பினேன். "அக்கா, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியல. கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?" ஆர்க்கைவ்டில் கிடக்கிற ஆளின் செய்தி, பார்க்கவா போகிறார் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் நீல டிக். "காலையில வர்றேன்."

ஜூன் 22, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. அக்கா வந்தார். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போர்வையை விலக்கினார். ஒரு துணியை நாலாக மடித்து அப்பாவின் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் செருகினார். "ஆளப் புடிச்சு இழுக்காத, தோல் உரசிப் பிஞ்சிடும். துணியப் புடி. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒண்ணு, ரெண்டு..." அப்பா லேசாகத் திரும்பினார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. மூன்றாவதைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்துக் காட்டினார். "இந்தக் கை தாராளமாப் போகணும். குதிகால் அந்தரத்துல நிக்கணும். ரெண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டு. ராத்திரியும்தான். அந்தச் செவப்பை நாளைக்கே நர்சு கிட்டக் காட்டு."

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார், கிண்டலாக இல்லை: "இவ்வளவு ஜெபம் பண்றியேம்மா, ஏன் இப்படி?"

இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. மனசுக்குள் நாலைந்து வசனம் வரிசையில் வந்து நின்றது. "தெரியலக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் திரும்ப உள்ளே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாமியாரைப் பற்றிச் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

சிவப்பு மங்கிவிட்டது.

ராத்திரிப் புரட்டல்களுக்கு நடுவே நிக்கொதேமு என்கிற யூத அதிகாரியைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். யோவான் 3இல் இரவில் இயேசுவிடம் வருகிறான். "இவைகள் எப்படி ஆகும்" என்று கேட்டதோடு அவன் பேச்சு நின்றுவிடுகிறது. நம்பினானா, வீட்டுக்குப் போனானா, ஒன்றும் இல்லை. 7இல், இயேசுவை எதிர்த்த பரிசேயர் என்கிற மதக் கூட்டத்தார் நடுவே, அவருக்காக ஒரு வார்த்தை பேசுகிறான். 19இல், சீஷர்கள் ஓடிப்போன பிறகு, இயேசுவின் அடக்கத்துக்கு நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தைச் சுமந்துகொண்டு வருகிறான். நடுவே எத்தனை மாதமோ. மாற்கு 10இல், எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் ஆஸ்தியுள்ளவன் துக்கத்தோடே போய்விட்டபோதும் அப்படித்தான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்றிருக்கிறது. பின்னால் ஓடினார் என்றோ, விலையைக் குறைத்துச் சொன்னார் என்றோ இல்லை.

நானாக இருந்தால் மறுநாள் காலை 6 மணிக்கு அவனுக்கு ஒரு வசனம் போயிருக்கும்.

ஜூலை 3, வியாழன்

பதினோரு பேர் பட்டியலை அழித்தேன். அதில் இரண்டு பேருடைய குரலே எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து அக்கா வந்தார், இது நாலாவது தடவை. இரண்டு பேருமாக அப்பாவைப் புரட்டினோம். புரட்டும்போது அப்பாவின் காதில் நான் முணுமுணுப்பதைக் கவனித்திருக்கிறார்.

"அது என்னம்மா, ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்ற?"

"இருபத்துமூணாம் சங்கீதம்க்கா. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். சின்ன வயசுல அப்பாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்ப அவருக்கு வாய் வரல, அதனால நான் சொல்றேன்."

"முழுசாச் சொல்லு, கேப்போம்."

சொன்னேன். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் குரல் தடுக்கியது. அப்பாவின் இடது கை போர்வை மேல் அசைந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பள்ளத்தாக்கு வரிய இன்னொரு தரம் சொல்லு" என்றார். வாயைத் திறந்தேன்.

"இரு இரு, மொதல்ல தலையணையச் சரி பண்ணு. குதிகால் மெத்தையில இடிக்குது பாரு."