மின் இணைப்பில்லாத இடத்தில் அம்மாவின் மூச்சுக்கருவி

2023 செப்டம்பர் பள்ளி விடுமுறையில், மெல்பர்னிலிருந்து எங்கள் பழைய கேரவனைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முங்கோ தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஏறக்குறைய 42,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புகள் கிடைத்த, என்றோ வற்றிப்போன ஏரி அது. அருகிலுள்ள ஊரான மில்டுராவிலிருந்து 110 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முகாமில் மின் இணைப்பு கிடையாது. அன்று பின்னிரவு மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் சில விநாடிகள் கீச்சிட்டுவிட்டு அணைந்தது. அதனோடு அம்மாவின் சிபாப் கருவியும் நின்றது.

எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு 71 வயது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் அவருக்கு இருப்பதால், முகக்கவசத்தின் வழியாகக் காற்றழுத்தம் தரும் அந்தக் கருவி இல்லாமல் அவரால் படுத்து உறங்க முடியாது. மூச்சு முட்டி எழுந்தவர், காரை இயக்கிப் பேட்டரிக்கு மின்னேற்றலாம் என்று நான் கிளம்பியபோது, "வேண்டாம்ப்பா, பக்கத்துல எல்லாரும் தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டு, விடியும் வரை நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளே திரும்பிவிட்டோம். கேரவனுக்கு மின்சாரம் அமைப்பதை அதன் பிறகுதான் நான் உண்மையில் கற்கத் தொடங்கினேன்.

அதற்கு முன் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். 2012இல் தமிழ்நாட்டில் நாளின் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தில், கரூரில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பராமரித்தது நான்தான். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர், மின்சாரம் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும். பிறகு கம்பத்திலிருந்து வருவதை வைத்து நிரப்பிக்கொள்ளும். முங்கோவில் திரும்பி வருவதற்கு எந்த மின்சாரமும் இல்லை. மழை பெய்தால் உள்ளே செல்லும் சாலைகளையும் மூடிவிடுவார்கள். ஆகவே ஒரு நாளுக்கு எவ்வளவு செலவாகிறது, அது எங்கிருந்து வரும், வராத நாட்களை எப்படிக் கடப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

வீடு திரும்பியதும், புதிதாக எதையும் வாங்குமுன், நடந்தது என்ன என்று தேடினேன். கேரவனில் 100 ஆம்பியர்-மணி, அதாவது ஓர் ஆம்பியர் வீதம் 100 மணி நேரம் தரக்கூடிய, ஏ.ஜி.எம். பேட்டரி இருந்தது. ஈய-அமில வகையைச் சேர்ந்த அந்தப் பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. கடையில் சோதித்தபோது, முதுமையால் அதன் கொள்ளளவே 60 விழுக்காட்டுக்குக் குறைந்திருந்தது தெரிந்தது. அதைவிட எனக்கு அதிர்ச்சி அளித்தது வேறொன்று. இரண்டு நாள் காரோட்டியும் பேட்டரி ஏன் நிறையவில்லை என்பதற்கான காரணம், காரிலிருந்து கேரவனுக்கு வரும் ஒயரில் இருந்தது.

கேரவனை எங்களுக்கு விற்றவர் அதை '6 மில்லிமீட்டர் ஒயர்' என்று சொல்லியிருந்தார். ஆஸ்திரேலியாவில் வாகன உதிரிபாகக் கடைகளில் 6 மி.மீ. என்று விற்கப்படும் ஒயரில், அந்த அளவு பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த விட்டத்தைக் குறிக்கிறது; உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 4.6 சதுர மில்லிமீட்டர்தான். வீட்டு ஒயரிங்கில் 6 என்றால் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். காரின் முன்புறத்திலிருந்து கேரவன் பேட்டரி வரை 8 மீட்டர், திரும்பி வரும் வழியையும் சேர்த்தால் 16 மீட்டர். அந்த நீளத்தில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.2 வோல்ட் தொலைந்துவிடும். கார் எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 13 வோல்ட். அது ஈய-அமில பேட்டரியை ஒருபோதும் நிரப்பாது. 240 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதுவே உயிர்நாடி. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகு, கேரவன் பற்றி யார் எது கேட்டாலும் நான் முதலில் ஒயரின் தடிமனைத்தான் விசாரிக்கிறேன்.

அடுத்து, செலவைக் கணக்கிட்டேன். ஷன்ட் எனப்படும் அளவுமானியைப் பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையில் பொருத்தி, வீட்டு வாசலிலேயே கேரவனில் மூன்று இரவுகள் படுத்து அளந்தோம். சிபாப் கருவி, காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியும் குழாய்ச் சூடும் இயங்கும்போது மணிக்கு 5 ஆம்பியர்-மணி வரை எடுத்தது. அவை இரண்டையும் நிறுத்திவிட்டால் இரவு முழுவதற்கும் 14 ஆம்பியர்-மணி போதுமாயிருந்தது. இன்வெர்ட்டரோ, எந்தச் சாதனமும் இணைக்கப்படாமல் சும்மா விழித்திருப்பதற்கே ஓர் ஆம்பியர் தின்றது. ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தால் 24 ஆம்பியர்-மணி வீண். 12 வோல்ட்டை 240 ஆக்கி, அதைக் கருவியின் அடாப்டர் மறுபடி 24 ஆக்குவது தேவையற்ற சுற்றுவழி என்பதால், 12 வோல்ட்டிலிருந்து நேரடியாக 24 வோல்ட் தரும் கன்வெர்ட்டரை வாங்கினேன். அம்மாவின் உறக்கத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் இருந்த தொடர்பு அத்தோடு அறுந்தது.

மற்றவை சிறியவை. நாளொன்றுக்கு விளக்குகளுக்கு 6 ஆம்பியர்-மணி, தண்ணீர் பம்புக்கு 2, கூரை மின்விசிறிக்கு 12, கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிக்கும் சேர்த்து 12, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை முதலியவற்றுக்கு 5. தேங்காய்ச் சட்னிக்கான 500 வாட் மிக்ஸி 45 ஆம்பியர் இழுப்பதைப் பார்த்து முதலில் பயந்தேன். ஆனால் ஐந்து நிமிடம் அரைத்தால் 4 ஆம்பியர்-மணிதான் போகிறது. எதிர்பாராமல் அடி வாங்கியது ரைஸ் குக்கர். 700 வாட்டில் அரை மணி நேரம் என்றால் 30 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு நாள் செலவில் பாதி. சோறு கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கரில் வைப்பது என்று முடிவாயிற்று. ஏ.சி.யைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

ஃபிரிட்ஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே பலரும் எனக்கு எதிராகவே ஆலோசனை தந்தார்கள். எங்களுடையது மின்சாரத்திலும் கேஸிலும் ஓடும் மும்முறை ஃபிரிட்ஜ். அதை எடுத்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் போடச் சொன்னார்கள். கம்ப்ரஸர் நன்றாகக் குளிர்விக்கும், வண்டி சாய்ந்து நின்றாலும் வேலை செய்யும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது நாளொன்றுக்கு இன்னும் 30, 40 ஆம்பியர்-மணி கேட்கும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் கேட்பதெல்லாம், வண்டியைச் சமமான தரையில் நிறுத்த வேண்டும் என்பதுதான். 40 டிகிரி வெயிலில் அது திணறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கோடையில் பாலைநிலத்துக்குப் போவதில்லை. பழைய ஃபிரிட்ஜையே வைத்துக்கொண்டேன், இன்று வரை வருந்தவில்லை.

ஆக, நாளுக்கு 55 முதல் 60 ஆம்பியர்-மணி. வெயிலே இல்லாமல் மூன்று நாள் சமாளிக்க 180 வேண்டும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தேன். ஈய-அமிலத்தில் இதற்கு இரு மடங்கு கொள்ளளவும் பல மடங்கு எடையும் தேவைப்பட்டிருக்கும். ஆனால் லித்தியத்தைப் பழைய பேட்டரி இருந்த கட்டிலடியில் வைக்க முடியாது. ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 3001.2 என்ற 2022ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரநிலைப்படி, அது மனிதர் வசிக்கும் பகுதியோடு காற்றுத் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். முன்புறச் சாமான் பெட்டியை உட்பக்கம் முழுவதும் அடைத்து, வெளிப்பக்கம் காற்றுத்துளை வைத்து, அங்கே பொருத்தினேன். இதற்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. அம்மாவின் தலைமாட்டுக்கு அருகில் அந்தப் பேட்டரி இல்லை என்பதே எனக்கு நிம்மதி.

பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ். காரிலிருந்து வரும் ஒயரை 13.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக மாற்றி, பேட்டரிக்கு அருகில் 25 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜரை வைத்தேன். இன்றைய கார்களின் ஆல்டர்னேட்டர்கள், தம் பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுகின்றன. குறைந்து வருவதை 14.4 வோல்ட்டுக்கு உயர்த்தித் தருவது இந்தச் சார்ஜரின் வேலை. 12 வோல்ட் வேலைகளை நானே செய்தேன். இன்வெர்ட்டரிலிருந்து 240 வோல்ட் பிளக்குகளுக்குப் போகும் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டேன், சட்டமும் அதுதான்.

கூரையில் 200 வாட் சோலார் பேனல்கள் இரண்டு. வரிசையாக இணைக்காமல் பக்க இணைப்பில் கோத்ததற்குக் காரணம், ஒன்றன் மேல் மரக்கிளை நிழல் விழுந்தாலும் மற்றது தடையின்றி வேலை செய்யும் என்பதுதான். கோடையில் இங்கே நாளுக்கு 6 மணி நேர முழு வெயிலுக்கு நிகராகக் கிடைக்கும். அப்போது 130 ஆம்பியர்-மணிக்கு மேல் வரும். ஜூன், ஜூலையில் மெல்பர்னில் அது ஏறக்குறைய 2 மணி நேரமாகச் சுருங்கிவிடும். படுக்கைவாட்டில் கிடக்கும் கூரைப் பேனல்கள் அப்போது 45 தருவதே பெரிது. அதற்காக 160 வாட் மடிப்புப் பேனல் ஒன்றும் வாங்கினேன். அதை வடக்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தெற்கு பார்த்த பேனல்களைக் கண்டு பழகிய எனக்கு, முதல் தடவை கை தானாகத் தெற்கே திருப்பியது.

2024 ஜூலையில் அதே முங்கோ, மூன்று இரவுகள். போய்ச் சேர்ந்தபோது அளவுமானி 98 விழுக்காடு காட்டியது. முதல் இரவு ஈரத்தொட்டியை நிறுத்தி வைத்தோம், விடிந்தபோது 80. லித்தியத்தின் வோல்ட் அளவு நிறைந்திருந்தாலும் பாதியானாலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். மறுநாள் முழுவதும் மேகம். வந்தது செலவுக்குச் சரியாகப் போயிற்று. இரண்டாம் காலை 61. அம்மா நன்றாக உறங்கியிருந்தார். ஆனால் அந்த வறண்ட காற்றில் தொண்டை கட்டி, காபி குடிக்கும்வரை பேச்சே எழவில்லை.

அன்று மேகம் விலகியது. மடிப்புப் பேனலைக் காலையிலிருந்து மாலை வரை நான்கு முறை நகர்த்தி வைத்தேன். பொழுது சாயும்போது 86. இரவு படுக்கப் போகுமுன் அம்மா கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்குத் தண்ணி ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டார். ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன், குழாய்ச் சூட்டையும் போட்டுவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தபோது தொட்டி காலியாகியிருந்தது, அளவுமானியில் 56 இருந்தது, அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.