நிறுத்தும் நேரத்துக்கும் கூலி

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு இரவும் பகல்தான். உழவு இயந்திரப் பெட்டிகள் வாசலில் வரிசை கட்டும், ஆட்களுக்குத் தூக்கமிருக்காது, விபத்துகள் நடப்பதும் அப்போதுதான். அப்படியோர் ஆலையில் நான் மேற்பார்வையாளன்.

சட்டத்துக்குக் குறைவில்லை. சுழலும் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எங்களிடமும் மறைப்பு இருந்தது, சுவரில் சாய்த்தபடி. பெல்ட் வழுக்கும்போதெல்லாம் அதைக் கழற்றிப் பூட்ட யாருக்கு நேரம்? ஆட்களுக்கு மூடைக்கணக்கில் கூலி. இயந்திரம் நின்றால் வருமானமும் நிற்கும். "கவனமாக வேலை செய்யுங்கள்" என்று சொல்லும் எனக்கோ மாதச் சம்பளம். அந்தப் புத்திமதி எப்படி எடுபடும்?

ஆகவே முதலாளியிடம் நான் கேட்டது தலைக்கவசமோ எச்சரிக்கைப் பலகையோ அல்ல. பழுது பார்க்க நிறுத்தும் நேரத்துக்கும் கூலி. "சும்மா சும்மா நிறுத்துவார்களே" என்றார். அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒருவருக்கு விரல் போனால் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி பணம் கட்ட வேண்டியவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு போகத்துக்குப் பார்க்கலாம் என்று இணங்கினார். யாரும் சும்மா நிறுத்தவில்லை. மறைப்புக்குக் கீலும் கொளுக்கியும் வைத்தோம். அதன்பின் அது சுவர்ப்பக்கம் போகவில்லை.

நெல்லை மேலேற்றும் எலிவேட்டரின் குழி அடைபட்டால், இறங்குகிறவர் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். திரும்பப் பூட்டுவதும் அவரே. ஓர் இரவு முதலாளியே வந்து அவசரப்படுத்தினார். ஆலையில் ஆக இளைய பொடியன் குறுக்கே நின்று, "காக்கா உள்ளே நிற்கிறார் முதலாளி, அவர் வந்துதான் போடுவார்" என்றான். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். அவனைக் கடிந்துகொள்ளாமல் முதலாளி ஒதுங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். எந்தப் படி வழுக்குகிறது, பொயிலர் அருகே எந்தக் குழாய் கசிகிறது என்பதெல்லாம் அதுவரை எனக்கு எட்டாத செய்திகள்.

இடுப்பில் கட்டும் சாரம் மட்டும் தீராத வழக்கு. பெல்ட் பக்கம் காற்சட்டைதான் என்பது விதி. இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் மூத்தவர் ஒருவர், "இவ்வளவு காலமும் என்னை இழுக்காத பெல்ட்டா இனி இழுக்கப் போகிறது, தம்பி?" என்கிறார். அவரை விட்டுவிட்டால் பொடியன்களிடம் விதி பேச முடியாது. பெல்ட் வேலையை இன்னொருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் என்னோடு அவர் பேசவில்லை. இப்போது பேசுகிறார், தூரத்தில் நின்றபடி, சாரத்தோடுதான்.