பொகவந்தலாவையிலிருந்து ஹனோய்க்கு, இங்கிலீஷ் டீச்சராக

லீவுக்கு ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. தினமும் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) வாசலில் ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்து நின்று, "அண்ணே, வியட்நாம்ல இங்கிலீஷ் படிச்சுக் குடுக்க எப்படிப் போனீங்க?" என்று கேட்கிறார்கள். பாதிக் கதை சொல்வதற்குள் வேறு யாராவது வந்துவிடுகிறார்கள். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்ததும் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. அடுத்து நுவரெலியாவில் ஹோட்டல் ரூம் பாய். அப்புறம் கத்தார். தோஹாவில் முதலில் ஹவுஸ்கீப்பிங், பிறகு ரிசப்ஷனில் இரவு வேலை. என் இங்கிலீஷ் அங்கேதான் வாயில் படிந்தது. பிலிப்பைன்ஸ்காரர், கென்யாக்காரர், நேபாளி என்று எல்லோருக்கும் நடுவில் அந்த ஒரு மொழிதான். தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிப்பதில்லை. நேபாளத்துப் பையன் ஒருவனுக்கு, விருந்தாளியிடம் எப்படிப் பேசுவது என்று ஓர் இரவு முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் அவன் தடுமாறாமல் பேசியதைப் பார்த்ததும், இதுதான் என் வேலை என்று தோன்றிவிட்டது.

ஊர் திரும்பி, திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கில மொழி கற்பித்தலும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேர்ந்தேன். டியூஷன் காசில்தான் படித்தேன். பிறகு கேம்பிரிட்ஜின் செல்டா, அதாவது இங்கிலீஷ் கற்பிப்பதற்கான சான்றிதழ். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நாமே பாடம் நடத்த வேண்டும். முதல் பாடம் முடிந்ததும் பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்வி: "மாணவர்கள் எத்தனை நிமிஷம் பேசினார்கள்?" ஐந்து நிமிஷம்கூட இல்லை. வாத்தியார் பேச, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிற பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தை விடத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

படிப்பைவிட அலைச்சல் காகிதத்தில். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரைப் பதிந்தவர் சிங்களத்தில் சொல்வதுபோல் சுருக்கி எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டிலும் அதே சுருக்கம்; பட்டச் சான்றிதழிலோ முழுப்பெயர். மலையகத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது இந்தக் கதை இருக்கும். திருத்த விண்ணப்பம், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி என்று எட்டு மாதம் ஓடியது. பிரதேச செயலகத்துக்கு என்னோடு வந்த நாளெல்லாம் அப்பாவுக்குத் தோட்டத்தில் பேர் (அன்றைய நாள் சம்பளம்) விழவில்லை. ஒருநாள்கூட அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. ஆகவே தம்பி தங்கச்சிகளே, முதலில் உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

பெயர் சரியான பிறகு, பட்டச் சான்றிதழையும் பொலிஸ் கிளியரன்ஸையும் (குற்றப் பதிவு இல்லை என்ற சான்று) வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, அடுத்து கொழும்பிலுள்ள வியட்நாம் தூதரகத்தில் முத்திரை வாங்க வேண்டும். செல்டா பிரிட்டன் சான்றிதழ் என்பதால் அதற்கு அந்த நாட்டு வழியாகத் தனி வேலை. பொலிஸ் கிளியரன்ஸை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வியட்நாம் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு எடுத்து, காலாவதியாகி, மறுபடி எடுத்தேன்.

ஹனோயில் முதல் வகுப்பு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. வியட்நாமிய மொழியில் சொல்லின் முடிவில் 'ஸ்' ஒலி கிடையாது. அதனால் 'பஸ்' என்பதில் கடைசி 'ஸ்' அவர்கள் வாயில் வராது. நமக்கோ நேர்மாறு, 'பஸ்ஸு' என்று ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவோம். அந்த உகரத்தைக் கைவிட நானே தோஹாவில் கண்ணாடி முன்னால் பழகியிருக்கிறேன். அதனால் 'ஸ்'ஸை நீளமாக இழுத்து, சட்டென்று வாயை மூடாமல் நிறுத்திக் காட்டினேன். கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மூன்றாம் தடவை 'பஸ்' என்று சுத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கத் திரும்பினாள்.