வீடு குடுக்குறாங்க, ஆனா எங்க குடுக்குறாங்க?

சென்னைல குடிசைப்பகுதி மக்களோட வீட்டுப் பிரச்சனைல வேலை பாக்குறேன்னு சொன்னா "அதான் கவர்மெண்டே அபார்ட்மெண்ட் கட்டிக் குடுக்குதே, அப்புறம் என்ன"ன்னு கேப்பாங்க. கேக்குறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, வெளியேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும்.

1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்ச புதுசுல நிறைய இடத்துல ஜனங்க இருந்த இடத்துலயே மாடி வீடு கட்டிக் குடுத்தாங்க, மெரினா ஓரம் நொச்சிக்குப்பம் மாதிரி. 1971 சட்டப்படி ஒரு ஏரியாவ குடிசைப்பகுதின்னு அறிவிச்சாத்தான் அங்க இருக்குறவங்களுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு. அந்த வருஷம் சென்னைல 1,202 ஏரியாவ அறிவிச்சாங்க, 1985ல இன்னும் 17, அதோட ரொம்ப வருஷத்துக்கு லிஸ்ட்ல எதுவுமே சேரல. ஊர் மட்டும் வளந்துக்கிட்டே இருந்துச்சு. லிஸ்ட்ல இல்லாத ஏரியா ஃபைல்ல "ஆக்கிரமிப்பு" ஆயிடும், அங்க மூணு தலைமுறையா இருந்தாலும் சரி. அப்புறம்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளிய பெரிய பெரிய காலனி, கூவம் அடையாறு கரைல இருந்தவங்கள லாரில ஏத்தி அங்க கொண்டு போய் இறக்குனாங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இது இன்னும் வேகமாச்சு.

ஆரம்பத்துல நான் பாலிசி எல்லாம் படிச்சுட்டு, உச்சநீதிமன்றம் 1985ல பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்குல பிழைப்பும் உயிர் வாழும் உரிமைக்குள்ள வரும்னு சொன்னதை மேற்கோள் காட்டி மனு எழுதுவேன். அதெல்லாம் தேவைதான், நான் மறுக்கல. ஆனா ஒரு கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து "சார், காலைல அஞ்சு மணிக்கு அங்கேர்ந்து பஸ் கீதா? ஆறு மணிக்கு நா மொத வூட்டுல பாத்திரம் தேச்சாவணும்"னு கேட்டாங்க பாருங்க, அதிகாரிகிட்ட அதுக்குப் பதிலே இல்ல. ரூமே அமைதியாயிடுச்சு. சிந்தாதிரிப்பேட்டைலேர்ந்து பெரும்பாக்கம் இருபது கிலோமீட்டருக்கு மேல, நாலு வீட்டு வேலை பாக்குற அக்காவுக்கு அந்த தூரத்துல ரெண்டு வீடு போயிடும், அதாவது பாதி சம்பளம். வீடு இலவசம்னு சொல்றோம், அந்த அக்கா அதுக்கு மாசாமாசம் குடுக்குறது எந்தக் கணக்குலயும் வராது.

அதுக்கப்புறம் நாங்க வேலை பாக்குற விதமே மாறிடுச்சு. ஏரியா பொம்பளைங்களே வீடு வீடா போய் லிஸ்ட் எடுத்தாங்க, யாரு எங்க வேலைக்குப் போறாங்க, எத்தனை மணிக்கு, புள்ளைங்க எந்த ஸ்கூல்ல எந்த கிளாஸ், ஒரே கூரைக்குக் கீழ எத்தனை குடும்பம். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், ஏன்னா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கல்யாணம் ஆகி ஒரே வீட்ல இருந்தா கணக்கெடுக்க வர்றவங்க ஒரு ரேஷன் கார்டு ஒரு குடும்பம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க, தம்பி குடும்பத்துக்கு அலாட்மெண்டே வராது. லிஸ்ட்டைக் கைல வச்சுக்கிட்டுப் பேசுனப்ப பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற புள்ளைங்க பேரைப் பாத்துதான் முழுப் பரிட்சை முடியுற வரைக்கும் காலி பண்றதைத் தள்ளி வைக்க அதிகாரிங்க ஒத்துக்கிட்டாங்க. எல்லாமே கிடைக்கல, இடம் மாறத்தான் வேண்டியிருந்துச்சு, ஆனா புள்ளைங்க படிப்பு அந்த வருஷம் நடுவுல நிக்கல.

இதுல லீடர்னு நான் நினைக்கிறது அந்த அக்காக்களைத்தான். என்னை மாதிரி ஆளுங்க வேலை மனுவை சரியான டேபிள்ல சேர்க்குறது, பேசுனதை மினிட்ஸ்ல ஏத்த வைக்குறது, அவங்க பேசும்போது பக்கத்துல உக்காந்திருக்குறது. மைக்கை நம்ம வாங்கிக்கிட்டா அதிகாரி நம்மகிட்டயே பேசி முடிச்சுட்டுப் போயிடுவாரு, இதை நான் நிறைய தடவை பாத்துட்டேன்.

2021ல வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாறுச்சு. பழைய 70கள் பிளாக் எல்லாம் இடிச்சு அதே இடத்துல திரும்பக் கட்டுற வேலை இப்ப நடக்குது, இது எனக்கு நெஜமாவே சந்தோஷம், பல வருஷமா கேட்டது இதைத்தானே. ஆனா காலி பண்ற குடும்பத்துக்குக் குடுக்குற கருணைத்தொகை 8,000லேர்ந்து 24,000 ஆகியும் பத்தாது. கட்டி முடிக்க ஒன்றரை வருஷம்னு வச்சாக்கூட மாசத்துக்கு 1,333 ரூபா, அந்தக் காசுக்கு சிட்டிக்குள்ள ஒரு ரூம் கிடைக்குமா சொல்லுங்க. வாடகை கட்ட முடியாம தூரமாப் போனவங்க பேரு திரும்பி வர்றப்ப லிஸ்ட்ல இருக்குமாங்கற பயமும் இருக்கு. அதனால வேலை முடியுற வரைக்கும் மாசாமாசம் வாடகை, குடும்பத் தலைவி பேரோட திரும்பி வர்ற உத்தரவாதம், இந்த ரெண்டும் எழுத்துல வந்தாத்தான் சாமானைக் கட்டுவோம்னு அக்காக்கள் முடிவு பண்ணிட்டாங்க, அந்த மனுவைத்தான் இப்ப டைப் பண்ணிட்டு இருக்கேன்.