ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்

வேளச்சேரியில் சின்னதாக ஒரு கார் மெக்கானிக் ஷெட் நடத்துகிறேன். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்; அதில் கோளாறு என்றால் டாஷ்போர்டில் அதன் விளக்கு எரியும். மழைக்காலம் முடிந்தால் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை என்று வண்டிகள் வரத் தொடங்கும். அதில் பல, ஏற்கெனவே வேறு இடத்தில் செலவு பார்த்துவிட்டு வருபவை. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

போன வாரம் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு தம்பி வந்தார். “அண்ணா, முன்பக்கம் புது சென்சார் போட்டாச்சு. கொஞ்ச நாள் அணைஞ்சிருந்துச்சு, மறுபடி எரியுது. இப்போ மாட்யூலையே மாத்தணும்னு சொல்றாங்க” என்றார். சென்சார் சக்கரத்தின் வேகத்தை அளப்பது; மாட்யூல் அதைப் பார்த்து ஏபிஎஸ்ஸை இயக்கும் கணினிப் பெட்டி. மாட்யூல் விலை தெரிந்தவர்களுக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

வண்டியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன்; சி0035 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியது. முன் இடது சக்கர வேக சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சர்க்யூட் என்றால் சென்சார், வயர், கனெக்டர், மாட்யூல் வரை எல்லாமும் சேர்ந்ததுதான். குறியீட்டைப் பார்த்ததும் சென்சாரைக் கழற்றுவது வேலையே இல்லை.

நான்கு சக்கர வேகத்தையும் திரையில் வைத்துக்கொண்டு தம்பியை ஓட்டச் சொன்னேன். நேராகப் போனவரை நான்கும் ஒன்றாக ஏறின. யூ-டர்னில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் முன் இடது மட்டும் சட்டென்று பூஜ்யம். நிமிர்த்தியதும் வந்துவிட்டது. மாட்யூல் கெட்டிருந்தால் ஸ்டியரிங்கைப் பார்த்தா கெடும்?

இந்த வண்டியில் சென்சாரோடு வரும் வயர் குட்டை. ஷாக் அப்சார்பர் ஓரமாக வளைந்து போகும் மீதி வயர் பழையதுதான். ஜாக்கி போட்டு அதை விரலால் மடக்கிக்கொண்டே போனேன். கிளிப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் எலும்பில்லாத மாதிரி தொளதொளவென்று மடங்கியது. மேல் உறை நன்றாகத்தான் இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஓரிரு இழைகள்தான் மிச்சம். ஊசிமுனை ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

மல்டிமீட்டர் பிடிப்பவர்களுக்கு ஒன்று: கம்பிச் சுருள் உள்ள பழைய காயில் சென்சாரில் ஓம் (மின்தடை) அளக்கலாம், பெரும்பாலும் 1,000 ஓம் சுற்றி வரும். மாட்யூல் தரும் மின்சாரத்தில் இயங்கும் இப்போதைய ஆக்டிவ் சென்சாரில் ஓம் அளந்து பயனில்லை. இக்னிஷன் போட்டு, கனெக்டருக்கு மாட்யூலிலிருந்து வோல்டேஜ் வருகிறதா பாருங்கள். அப்புறம், வீல் பேரிங் மாற்றிய கையோடு விளக்கு எரிந்தால் பேரிங் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கில் ஒரு பக்கம்தான் இருக்கும்.

“பிரேக் பிடிக்குதே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஓட்டுபவர்கள் நிறைய. சாதா பிரேக் பிடிக்கும், உண்மைதான். ஆனால் முதல் மழையில் ஓஎம்ஆர் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது இதற்காகத்தான். கூடவே டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

தம்பி வண்டிக்கு அந்த வளையும் பகுதி முழுவதும் புது வயர் போட்டேன். வளையும் இடத்தில் சால்டர் (ஈயப் பற்று) வைத்தால் மறுபடி அங்கேயே ஒடியும். அதனால் இணைப்பை மேலே, அசையாத இடத்துக்குக் கொண்டுபோய், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினேன். இரண்டு வயரையும் முன்பு இருந்தபடியே முறுக்கித்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலில் இரைச்சல் கலக்கும். ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, அதே யூ-டர்னை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.