உருளைக்கிழங்கு இலையில் உயிருலகங்கள்

மொரீசியசில் கரும்பு வரிசைகளுக்கு நடுவே உருளைக்கிழங்கு பயிரிடுவது பழைய வழக்கம். குளிரும் ஈரமும் சேர்ந்த மாதங்களில், நான் பணிபுரியும் தாவர நோய் ஆய்வகத்துக்கு அந்தச் செடியின் இலைகளும் தண்டுகளும்தான் அதிகம் வந்து சேரும். உயிர்களைப் பேருலகங்கள் (domain) என்னும் மிகப் பெரிய பிரிவுகளாகவும், அவற்றுக்குள் உலகங்களாகவும் (kingdom) பிரிப்பது எங்களுக்குத் தேர்வுப் பாடமல்ல. எந்த மருந்தைப் பரிந்துரைப்பது என்பதே அதில்தான் அடங்கியிருக்கிறது.

வாடிய தண்டு வந்தால் வேலை எளிது. அதை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற மெல்லிய இழை கீழே இறங்கும். அது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா. பூஞ்சை மருந்து எதற்கும் அது மசியாது.

இலைக்கருகல்தான் சிக்கல். வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் அநேகமாக ஆல்டர்நேரியா. செல்சுவரில் கைட்டின் என்னும் உறுதியான பொருளைக் கொண்ட உண்மையான பூஞ்சை. நீர் கோத்ததுபோல் இலை கறுத்து, அடிப்புறத்தில் வெண்படலம் படர்ந்திருந்தால் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைத் தாக்கிப் பெரும்பஞ்சத்துக்கு வழிவகுத்த அதே உயிரி. நுண்ணோக்கியில் அதன் எலுமிச்சை வடிவப் பைகள் தெரியும். குளிர்ந்த நீர்த்துளியில் சிறிது நேரம் விட்டுவைத்தால் அவை திறந்து, இரண்டு கசையிழைகளுடன் நீந்தும் வித்துகள் வெளிப்படும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இழையிழையாக வளர்வதால் இதையும் நெடுங்காலம் பூஞ்சையாகவே கருதினார்கள். செல் அமைப்பையும் உணவு பெறும் முறையையும் அடிப்படையாக வைத்து அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் 1969இல் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்தார். எல்லா செல்களிலும் உள்ள மரபுப்பொருளான ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்ட கார்ல் வோஸ் குழுவினர் 1990இல் பாக்டீரியா, பாக்டீரியாபோலவே உட்கரு இல்லாத ஆர்க்கியா, உட்கரு உள்ள யூகேரியா என்று மூன்று பேருலகங்களாகப் பிரித்தனர். தோற்றத்தை விட்டு மரபுத் தொடர்ச்சியைப் பார்க்கத் தொடங்கிய பிறகு உறவுமுறையே மாறிவிட்டது: பைட்டோப்தோரா நம் கடற்கரையில் ஒதுங்கும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளின் பக்கம் போயிற்று, பூஞ்சைகளோ செடிகளைவிட விலங்குகளுக்கு நெருங்கிய சொந்தமாயின.

தோட்டக்காரருக்கு இதன் பொருள் மிக நேரடியானது. டிரையசோல் வகை மருந்துகள், பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்னும் பொருளின் உற்பத்தியைத் தடுப்பவை. அதைத் தானே தயாரிக்காத பைட்டோப்தோராவிடம் அவை எடுபடுவதில்லை. மெட்டலாக்சிலோ இதற்கு நேர்மாறு: பைட்டோப்தோராவை அடக்கும், ஆல்டர்நேரியாவை ஒன்றும் செய்யாது. "நல்ல மருந்துதானே அடிச்சேன் தம்பி, ஏன் நிக்கல?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் இதுதான். மெட்டலாக்சிலுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற வகைகளும் உலகில் பரவியிருப்பதால், அதை மட்டும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் என்று மூன்றே கட்டங்கள். செல்லே இல்லாத வைரசுக்கு எந்தப் பேருலகத்திலும் இடமில்லாவிட்டாலும் படிவத்தில் இடமுண்டு, பைட்டோப்தோராவுக்கு இல்லை. பூஞ்சைக் கட்டத்திலேயே குறியிட்டு, அருகில் அதன் பெயரையும், ஏற்ற மருந்து வகையையும் கையால் எழுதி அனுப்புகிறேன்.