நாற்பது உறைகளும் ஒரு பல்லாங்குழியும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் கொஞ்சம் தடுமாறுவேன். படித்தது ஆக்குபேஷனல் தெரபி, நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்குகிற படிப்பு. வேலை, சென்னையில் மறதி நோய் வந்த முதியவர்களுக்கான ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்தில். காலை பத்து மணிக்கு வேனில் வந்து இறங்குகிறவர்களை மாலை நாலு மணி வரை ஆட வைக்க வேண்டும், பாட வைக்க வேண்டும், கோலம் போட வைக்க வேண்டும். அமெரிக்காவில் ரெக்ரியேஷனல் தெரபி என்று இதற்குத் தனிப் பட்டப்படிப்பும் சான்றிதழ்த் தேர்வும் உண்டு. இங்கே, "வயசானவங்களோட விளையாடறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. என் மாமியார் ஒன்பது வருடமாக அதையே கேட்கிறார்.

இதில் வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் மையம் ஒரு மூளைப்பயிற்சி செயலிக்குச் சந்தா கட்டியிருந்தது. நாலு டேப்லெட். திரையில் ஒரு யானை, ஒரு பலூன், ஒரு குடை தோன்றி மறையும். எது எங்கே இருந்தது என்று தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகத் தொட்டால் கைதட்டல். தப்பென்றால் 'டொய்ங்'. வரிசையாக நாலு பேர் உட்கார்ந்திருக்க, அறை முழுக்க டொய்ங் டொய்ங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த நாலு பேரில் ஒருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூடியில்லாத ஒரு பேனா. மூன்று முறை டொய்ங் கேட்டதும் டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இது சின்னப் பசங்க சாமான். எனக்கு வேலை கிடக்குதும்மா" என்று எழுந்து போனவர், வாசல் கேட் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நாளும் அங்கேதான். சாப்பாடு கூட அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் அவர் கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பின்னாளில் கிழித்துப் போடலாமா என்று நினைத்ததுண்டு. கிழிக்கவில்லை.

மூளைப்பயிற்சி பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2002-ல் அமெரிக்காவில் வெளியானது. ஆக்டிவ் என்று பெயர். 65 வயதைக் கடந்த 2,802 பேர். சிலருக்கு ஞாபகப் பயிற்சி, சிலருக்கு யோசிக்கும் பயிற்சி, சிலருக்குப் பார்த்ததைச் சட்டென்று பிடிக்கும் வேகப் பயிற்சி. ஞாபகம் பழகியவர்களுக்கு ஞாபகத்தில் முன்னேற்றம் இருந்தது, வேகம் பழகியவர்களுக்கு வேகத்தில். ஒன்றைப் பழகியதால் மற்றொன்று வளரவில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது யோசனையிலும் வேகத்திலும் பலன் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாமல் பயிற்சியில் சேர்ந்தவர்கள். ஆக, யானை, பலூன், குடை பழகினால் யானை, பலூன், குடையில் கெட்டிக்காரராகலாம். லுமோசிட்டி செயலிக்காரர்கள் இதைத் தாண்டி மறதி நோயே தள்ளிப்போகும் என்கிற அளவுக்கு விளம்பரம் செய்து, 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டினார்கள். இவ்வளவும் நான் பிற்பாடு படித்தது.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மனிதர் கேட்டடியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகளுக்குப் போன் செய்து, "அப்பா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டேன். "போஸ்ட் ஆபீஸ்" என்றார். கோப்பிலும் அதுதான் இருந்தது. "போஸ்ட் ஆபீஸ்ல என்ன வேலை?" என்று மறுபடி கேட்டேன். அதற்கு அரை மணி நேரம் பதில் வந்தது.

ஆர்.எம்.எஸ். அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே கடிதம் பிரிக்கிற வேலை. இரவு வண்டி ஏறினால் விடியும்வரை கால் கடுக்க நிற்பது, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பையைக் கட்டி அரக்கு வைப்பது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். அவர் அதற்குச் சில வருடம் முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பின்கோடு இல்லாமலும் பிரித்தவர், பின்கோடோடும் பிரித்தவர்.

அன்றிரவு நாற்பது பழைய உறைகளில் கற்பனை முகவரிகளை எழுதினேன். மையத்தில் செருப்பு வைக்கும் பன்னிரண்டு அறை அலமாரி ஒன்று இருந்தது. ஆயா அதை பினாயில் போட்டுக் கழுவிக் கொடுத்தார். ஒவ்வோர் அறையிலும் சீட்டு ஒட்டினேன். 600 சென்னை, 605 புதுச்சேரி, 613 தஞ்சாவூர், 620 திருச்சி, 625 மதுரை, 641 கோவை, இப்படி.

மறுநாள் காலை காபிக்குப் பிறகு, "அய்யா, இதைக் கொஞ்சம் பிரிச்சுத் தரணும், எனக்குப் புரியல" என்றேன். வந்து பார்த்தார். உறையைத் தொடவில்லை. முதலில் என் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். சென்னை, மதுரை, கோவை, திருச்சி நாலையும் நடு வரிசைக்குக் கொண்டுவந்தார். அதிகம் விழுகிற ஊர் கைக்கு நேராக இருக்க வேண்டுமாம். வேலூரும் நாகர்கோவிலும் மேலே போயின. அப்புறம் இடது கையில் உறைகளை விசிறி மாதிரி பிடித்து, கட்டைவிரலால் ஒன்றைத் தள்ளி, வலது கையால் வீசினார். வைக்கவில்லை, வீசினார். ஒவ்வொன்றும் அதனதன் அறையில் போய் விழுந்தது. பேரன் பெயர் நினைவில்லாதவர், காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாதவர்.

கடைசியில் இரண்டு உறைகள் தனியே மேஜைமேல் கிடந்தன. "மிஸ்சென்ட்" என்றார், தப்பான ஊருக்குப் போகிற தபால். எடுத்துப் பார்த்தேன். திண்டுக்கல்லுக்கு 625 என்றும் கும்பகோணத்துக்கு 613 என்றும் நான் எழுதியிருந்தேன். 624, 612. தப்பு என்னுடையது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுசா வேலைக்கு வந்திருக்கியா?" என்று கேட்டார்.

கை கற்றது வேறு ஒரு கணக்கில் சேமிக்கப்படுகிறது என்பது மூளை நூல்களில் பழைய செய்திதான். 1953-ல் வலிப்புக்காக அறுவை செய்துகொண்டு புது ஞாபகமே சேராமல் போன ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது, முந்தின நாள் செய்ததே அவருக்கு நினைவில் இல்லை. பரீட்சைக்காக நானும் இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். செருப்பு அலமாரி முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

அதன்பின் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். இருபதைத் தாண்டினால் களைப்பு முகத்தில் தெரியும். மாலையில் கூடாது, அந்த நேரத்தில் அவருக்கு நிலைகொள்ளாமல் போகும். வேலை சுலபமாகிவிட்டதாகத் தெரிந்தால் பின்கோடு இல்லாமல் ஊர் பெயர் மட்டும் எழுதுவேன். அடுத்து சிற்றூர் பெயர்கள். அடுத்து, சிவப்புக் கோடு போட்ட உறை ரிஜிஸ்டர் தபால், அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி. கவனம், விதியை மனதில் நிறுத்துவது, தப்பைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. தடுமாறினால் சத்தமில்லாமல் ஒரு படி இறங்கிவிடுவேன். எங்கள் தொழிலில் மெனக்கெட வேண்டிய இடம் இந்த ஏற்ற இறக்கம்தான். மற்றதை யாரும் செய்துவிடலாம்.

ஆறு மாதம் கழித்து அவருடைய எம்.எம்.எஸ்.ஈ. (தேதி, இடம், கணக்கு என்று கேட்டு ஞாபகத்தைச் சோதிக்கும் தாள்) மதிப்பெண் 14-லிருந்து 13 ஆகியிருந்தது. மொத்தம் 30. நிர்வாகத்துக்கு மேலே போகிற வரைபடம் வேண்டும். குடும்பத்தாருக்குக் காட்ட, விளம்பரத் தாளில் போட. என்னிடம் அது இல்லை. "கேட் பக்கத்து நாற்காலியை எடுத்தாச்சு சார், அதுல உட்கார ஆளில்லை" என்று சொன்னேன். மேலாளர் சிரிக்கவில்லை.

அந்த மதிப்பெண் தாள் மேல் எனக்குத் தனியாகவே ஒரு வருத்தம் உண்டு. 1975-ல் வந்தது, வேகமாக முடியும், டாக்டருக்கு உதவும், எல்லாம் சரி. ஒரு பாட்டியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். "ஆடி மூணு" என்றார். தாளில் ஜூலை 19 என்று இருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த பெண் முட்டை போட்டுவிட்டாள். நான் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் காட்டினேன். ஆடி மூன்றேதான். எங்கள் இரண்டு பேருக்கும்தான் அது தெரிந்திருக்கவில்லை.

குழுவாக உட்கார்ந்து செய்கிற பயிற்சிகளுக்கு எங்களுக்கு வழி காட்டியது காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி, பேச்சும் விளையாட்டுமாக யோசனையைத் தூண்டிவிடும் முறை. இங்கிலாந்தில் எய்மி ஸ்பெக்டரும் அவர் கூட்டாளிகளும் 201 பேரிடம் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு, ஏழு வாரம், ஆக 14 அமர்வு. சென்னையின் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பு அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியமைத்தது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்: விடை ஒன்றே ஒன்றாக இருக்கிற கேள்வியைக் கேட்காதே, அபிப்பிராயம் கேள். இரண்டு கோலங்களைக் காட்டி "இது எத்தனை புள்ளி?" என்றால் அறை மௌனமாகிவிடும். "வாசல்ல போடறதுக்கு எது நல்லா இருக்கும்?" என்றால் சண்டையே வரும். சிக்குக் கோலம் செவ்வாய், வெள்ளிக்குத்தான் என்று ஒரு கட்சி, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று ஒரு கட்சி.

காசு பற்றிய அமர்வில் 'அணா போய் நயா பைசா வந்தது நல்லதா கெட்டதா' என்று எடுத்துவிட்டேன். 1957 சமாச்சாரம். எண்பத்துநாலு வயது மளிகைக்கடைக்காரர், அதுவரை வாயே திறக்காதவர், நிமிர்ந்தார். "ஓரணாவுக்கு ஆறு பைசா போட்டான். நாலணாவுக்கு இருபத்தஞ்சு. ஓரணா ஓரணாவா நாலு தடவை மாத்தினா இருபத்துநாலுதான் வரும். ஒரு பைசா யாருக்குப் போச்சு?" என்று மேஜையைத் தட்டினார். அதே எம்.எம்.எஸ்.ஈ. தாளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது முதல் படியிலேயே நின்றுபோனவர் அவர்.

பல்லாங்குழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து என்று எழுபது காய். எடுத்துப் போட்டுக்கொண்டே போக வேண்டும், காய் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ள வேண்டும், அது வெறுங்குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததை வழிக்க வேண்டும், எதிலாவது நாலு சேர்ந்தால் பசு. எண்ணிக்கை, முன்யோசனை, விரல் நுனி வேலை எல்லாம் ஒரு மரப்பலகையில். முதலில் புளியங்கொட்டை வைத்திருந்தோம். ஒரு பாட்டி அதை வாயில் போட்டுக் கடித்துவிட்டார். நல்லவேளை விழுங்கவில்லை. அன்றோடு பெரிய சோழிக்கு மாறினோம். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அதே பாட்டிக்கு இன்னொரு தொல்லை. வாக்கரைப் பிடிக்காமல் எழுந்து இரண்டு முறை விழுந்திருக்கிறார். இடைவெளி விட்டு விட்டுக் கேட்டுப் பழக்கும் முறை ஒன்று உண்டு, அதை எடுத்துக்கொண்டேன். "எழுந்துக்கறதுக்கு முன்னாடி எதைப் பிடிக்கணும்?" "வாக்கரை." உடனே ஒரு முறை. அரை நிமிடம் கழித்து, ஒரு நிமிடம், இரண்டு, நாலு, எட்டு. தவறினால் 'யோசிச்சுப் பாருங்க' என்று இழுக்கக் கூடாது. பதிலை நாமே சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் இருக்கிற நிமிடங்களை நிரப்பத்தான் பல்லாங்குழி. மூன்றாவது வாரத்தில், கையில் சோழியோடு, "எதைப் பிடிக்கணும்னு கேக்கப்போறியா? வாக்கரை. ஆட்டத்தைப் பாரு" என்றார். பொதுவான ஞாபகசக்தி வளர்ந்ததா? இல்லை. வாக்கரைப் பிடித்தார். எனக்கு அது போதும்.

வீட்டில்தான் சிக்கல். மகனும் மகளும் பாசத்தில் தினமும் பரீட்சை வைத்துவிடுகிறார்கள். தபால் அய்யாவின் மகளும் வாசலில் வந்து நின்று, "அப்பா, நான் யாரு சொல்லு?" என்பார். அவர் முகம் சுருங்கிப்போகும். "கேக்காதீங்க மேடம், நீங்களே சொல்லிடுங்க" என்று பல முறை சொன்னேன். ஒருநாள், "அப்பா, உன் பெரிய பொண்ணு வந்திருக்கேன்" என்று உள்ளே வந்தார். "வாம்மா, சாப்டியா?" என்றார் அவர். அந்த அம்மாள் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

மூன்றாம் வருடம் உறைகள் குறைந்தன. நாற்பது இருபதாயிற்று. அறைகள் பன்னிரண்டிலிருந்து நாலாயின. ஒரு கட்டத்தில் எண்ணைப் படிப்பதை விட்டுவிட்டு உறையின் நிறத்தை வைத்துப் பிரித்தார். நானும் நிற உறைகளாக வாங்கி வைத்தேன். கை மட்டும் அதே விசிறி, அதே வீச்சு.

ஒருநாள் காலை எல்லா உறைகளையும் ஒரே அறையில் போட்டார். ஒன்றையும் திருப்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு படி இறங்கலாமா என்று யோசித்தேன், இறங்க இனிப் படி இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாம் லோக்கல்தாம்மா," என்றார். "பை கட்டிடலாம்."

ஸ்டோர் ரூமில் சணல் கயிறு இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். முடிச்சு சரியாக விழுந்தது.